மருத்துவர் பதில்கள்: குடல் இணைப்பு கசிவது ஏன்?

கேள்வி: புற்றுநோய்க்காக என் தந்தையின் மலக்குடலில் ஒரு பகுதியை அகற்றி, எஞ்சிய முனைகளை ஸ்டேப்ளர் கருவியால் இணைத்தார்கள். நன்றாகத் தேறிவந்தவருக்கு ஐந்தாம் நாள் இணைப்பில் கசிவு ஏற்பட்டு, மறு அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. கையால் தைத்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாமா?

பதில்: கருவியின் மீது சந்தேகம் எழுவது இயல்பே, ஆனால் பெருங்குடலையும் மலக்குடலையும் இணைப்பதில், கைத்தையலுக்கும் ஸ்டேப்ளருக்கும் இடையே கசிவு விகிதத்தில் பெரிய வேறுபாட்டை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. நூலும் சரி, உலோகப் பின்னும் சரி, திசு தானாக ஒட்டும்வரை முனைகளைப் பிடித்துவைக்கின்றன, அவ்வளவுதான். முதல் மூன்று நான்கு நாட்களில் வெட்டுமுனையில் உள்ள பழைய கொலாஜன் (திசுவுக்கு வலுவூட்டும் புரதம்) சிதைவது, புதியது உருவாவதைவிட வேகமாக நடப்பதால், இணைப்பு அப்போதுதான் மிகவும் பலவீனமாக இருக்கிறது. தேறிவருவதாகத் தோன்றும் நோயாளிக்கு அதையடுத்த நாட்களில் கசிவு வெளிப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். தையலைத் தாங்கும் வலு குடற்சுவரில் சளிச்சவ்வுக்கு அடுத்துள்ள படலத்துக்கே உண்டு என்பதை அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1887இல் நாய்களிடம் செய்த சோதனைகளால் காட்டினார். எந்த முறையில் தைத்தாலும் அந்தப் படலம் ஊசியில் அகப்பட்டாக வேண்டும்.

முறையைவிட முக்கியமானவை, முனைகளுக்கு நல்ல இரத்த ஓட்டம் இருப்பதும் இணைப்பு இழுபடாமல் இருப்பதும் ஆகும். வெட்டுமுனையில் இரத்தம் வருகிறதா என்று கண்ணால் பார்ப்பதுடன், இன்டோசயனின் கிரீன் என்னும் சாயத்தைச் சிரைவழியே செலுத்தி, அது முனைவரை ஒளிர்கிறதா என்று சிறப்புக் கேமராவால் பார்க்கும் வசதியும் இன்று உள்ளது. குடல் எட்டவில்லை என்றால், பெருங்குடலில் மண்ணீரலை ஒட்டிய வளைவை விடுவித்து அதைக் கீழே இறக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான் என்றாலும், அதைத் தவிர்த்து இழுத்துப் பிடித்து இணைப்பதை நான் ஏற்பதில்லை. பிறகு இடுப்புக்குழியில் நீர் நிரப்பி, ஆசனவாய் வழியே காற்றைச் செலுத்திக் குமிழி வருகிறதா என்று சோதிப்பார்கள் (சைக்கிள் ட்யூபில் பஞ்சர் பார்ப்பதைப் போலத்தான்). இணைப்பு மிகவும் கீழே அமைந்தால், சிறுகுடலைத் தற்காலிகமாக வயிற்றுச் சுவர் வழியே வெளியே திறந்து மலத்தைத் திருப்பிவிடுவதும் உண்டு.

இவ்வளவு செய்தும் கசியலாம். புகைப்பழக்கம், ஊட்டச்சத்துக் குறைவு, ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன. ஆகவே கசிவு ஏற்பட்டதை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று தீர்மானிக்க மாட்டேன். காரணமின்றி நாடித்துடிப்பு உயர்ந்ததையும், மூன்றாம் நாளுக்குப் பிறகும் இரத்தத்தில் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்) அளவு இறங்காததையும் உரிய நேரத்தில் கவனித்து சிடி ஸ்கேன் எடுத்தார்களா என்றே கேட்பேன்.

கேள்வி: மறுநாளே உணவு கொடுத்ததுதான் காரணமோ?

பதில்: இல்லை. பட்டினி கிடந்தாலும் செரிமான நீர் சுரந்துகொண்டேதான் இருக்கும். விரைவில் உண்ணத் தொடங்குவதால் கசிவு கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை.