ஐ.நா.வுக்கு எழுதலாம், முதலில் தீர்மான நோட்டை எடுங்கள்

கேள்வி: மலையடிவாரத்தில் 40 குடும்பங்கள் உள்ள காட்டுநாயக்கர் குடியிருப்பில் வேலை செய்கிறேன். புலிகள் காப்பகத்துக்காக இடம் மாறச் சொல்லி இரண்டு வருடமாக நெருக்குகிறார்கள். மனு எழுதி ஓய்ந்துவிட்டோம். ஐ.நா.வுக்கு எழுதினால் பலன் உண்டா? எங்கள் சங்கத்தை ஐ.நா.வில் பதிந்து நியூயார்க் கூட்டத்துக்கும் அனுப்புகிறேன் என்று ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஐ.நா.வின் பழங்குடிக் கூட்டங்களுக்குப் பதிவுக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. பழங்குடிப் பிரதிநிதிகள் அங்கே வந்து பேசுவதற்காகவே 1985-இல் ஒரு தன்னார்வ நிதி தொடங்கினார்கள், தேர்வானால் விமான டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் அதிலிருந்தே வரும். விண்ணப்பிப்பவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், அவர்களுடைய அமைப்பு அவரை முன்மொழிய வேண்டும். அதாவது போக வேண்டியது உங்கள் குடியிருப்பு ஆள்தான், நீங்கள் இல்லை (கோபித்துக்கொள்ளாதீர்கள்).

சரி, எழுதினால் என்ன நடக்கும்? ஐ.நா. ஒன்றும் கோர்ட் இல்லை, ஸ்டே ஆர்டர் கிடைக்காது. இனப்பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் இந்தியா இருந்தாலும், தனிநபர் புகாரை விசாரிக்கும் அதிகாரத்தை அதைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவுக்கு நம் அரசு கொடுக்கவில்லை. மிச்சமிருப்பதில் உங்களுக்குச் சுலபமானது பழங்குடி உரிமைகளுக்கான சிறப்பு அறிக்கையாளர், அதாவது ஐ.நா. நியமிக்கும் சுயேச்சையான நிபுணர், 2001-இல் உருவான பதவி. இணையத்தில் படிவம் இருக்கிறது, ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும், உள்ளூர் கோர்ட்டுக்கெல்லாம் போய் முடித்த பிறகுதான் வரலாம் என்ற நிபந்தனையும் இல்லை. அவர் எடுத்துக்கொண்டால் இந்திய அரசுக்குக் கடிதம் எழுதுவார், 60 நாள் கழித்து அந்தக் கடிதமும் பதில் வந்திருந்தால் பதிலும் பொதுவில் வெளியாகும். அவ்வளவுதான். ஆனால் மனுவுக்கு ஒரு வரி பதில் வராத ஊருக்கு அதுவே பெரிய விஷயம், அந்தப் பதிலில் அரசு என்ன ஒப்புக்கொள்கிறதோ அதை நாளைக்கு நம் கோர்ட்டிலேயே காட்டலாம்.

எழுதும்போது ஒன்று கவனியுங்கள். 2007 செப்டம்பர் 13 அன்று பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு 144 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன, இந்தியாவும் அதில் உண்டு. கை தூக்கிவிட்டு, இந்தியர் எல்லோருமே இந்த மண்ணின் பூர்வகுடிகள்தான் என்றும் சொல்லி வருகிறது நம் அரசு. அந்த வாதத்துக்குள் போகாதீர்கள். ‘பட்டியல் பழங்குடி’ என்றே எழுதுங்கள், காட்டுநாயக்கர் மிகவும் நலிவடைந்த பழங்குடிக் குழுக்களின் (PVTG) பட்டியலிலும் இருக்கிறார்கள், அதையும் சேருங்கள்.

பலர் மறந்துபோன இன்னொரு வழி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. அதன் 1957-ஆம் வருட 107-ஆம் எண் உடன்படிக்கையை இந்தியா 1958-லேயே ஏற்றுக்கொண்டது, இன்னும் அதற்குக் கட்டுப்பட்டிருக்கிறது. பழைய காலத்து உடன்படிக்கை, பழங்குடிகளைப் பொது ஓட்டத்தில் கரைக்கும் நினைப்பு அதில் நிறைய. 1989-இல் வந்த திருத்திய 169-ஐ நேபாளம் ஏற்றது, நாம் ஏற்கவில்லை. ஆனாலும் 107-இன் 12-ஆம் பிரிவு, சம்மதம் இல்லாமல் பழங்குடிகளை வாழிடத்திலிருந்து அகற்றக் கூடாது என்கிறது. விதிவிலக்குகள் உண்டு, அப்படி அகற்றினாலும் அதே தரத்தில் நிலம் தர வேண்டும். இதில் ஒரு விசித்திரம், உங்கள் சங்கம் நேரடியாக எழுத முடியாது, தொழிற்சங்கம்தான் எழுதலாம். பக்கத்தில் தேயிலைத் தோட்டம் இருந்தால் அங்குள்ள சங்கத் தலைவரோடு ஒரு டீ குடியுங்கள்.

நியம்கிரியைப் பாருங்கள். ஒடிசாவில் டோங்ரியா கோந்த் மக்களின் மலை, அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்காக வேதாந்தா என்ற சுரங்க நிறுவனம் குறிவைத்த மலை. நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2007-இல் அந்த நிறுவனத்தைத் தன் முதலீட்டிலிருந்து விலக்கியது, பழங்குடி மக்களைச் சரியாகக் கலந்து பேசவில்லை என்று பிரிட்டன் அரசின் புகார் அமைப்பு 2009-இல் சொன்னது, அடுத்த வருடம் இங்கிலாந்துத் திருச்சபை பங்குகளை விற்றது. இதெல்லாம் வெளியிலிருந்து வந்த அழுத்தம். முடித்தது எது என்றால் 2013 ஏப்ரல் 18 தீர்ப்பு, அதில் உச்ச நீதிமன்றம் ஐ.நா. பிரகடனத்தை எடுத்துச் சொல்லி, முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக உட்கார்ந்திருக்க, 12 கிராமங்களும் ஒன்று விடாமல் வேண்டாம் என்றன. (உங்கள் விஷயத்தில் வெளிநாட்டுக் கம்பெனி எதுவும் இல்லை, அதனால் முதலீட்டாளர் பக்கம் அலைய வேண்டாம். உலக வங்கிப் பணம் இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள், இருந்தால் அதன் ஆய்வுக் குழுவுக்குப் பாதிக்கப்பட்ட இரண்டு பேர் தமிழிலேயே எழுதலாம்.)

அதனால்தான் கிராம சபையின் தீர்மான நோட்டை முதலில் எடுங்கள் என்று தலைப்பிலேயே சொன்னேன். 2006 வன உரிமைச் சட்டத்தின் 4(2) பிரிவுப்படி, உரிமைகளை அங்கீகரித்து முடிக்காமலும் கிராம சபையின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமலும் இடமாற்றம் செய்ய முடியாது. சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கையெழுத்தோ கைரேகையோ, யார் வந்தார்கள், எந்தத் தேதி, என்ன பேசினார்கள் என்று தெளிவாக இருக்கும் ஒரு பக்கம் போதும், அதைத்தான் ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமை அலுவலகத்திலும் முதலில் பார்ப்பார்கள். பத்திரிகைச் செய்தியை மட்டும் நம்பி அனுப்பினால் எடுக்க மாட்டார்கள். திட்டி எழுதினாலும் அப்படித்தான்.

அப்புறம், சிறப்பு அறிக்கையாளருக்கான படிவத்தில் பாதிக்கப்பட்டவர்களின் பெயரை அரசுக்குச் சொல்லலாமா என்று ஒரு கேள்வி வரும். ‘ஆம்’ போடுவதற்கு முன் அந்த 40 வீட்டிலும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கடிதத்தில் பெயர் ஏறினால் டெல்லிக்குப் போகும், டெல்லியிலிருந்து உங்கள் தாலுகா ஆபீசுக்கும் திரும்பி வரும்.