மூல நிரலில் முதலில் எதைப் படிப்பது? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ப்ராஜெக்டுக்காக ரெடிஸ் 7-இன் (தரவை நினைவகத்தில் வைத்துத் தரும் சர்வர் மென்பொருள்) சோர்ஸ் கோடை இறக்கினேன். எக்கச்சக்கமான ஃபைல்கள். எங்கே தொடங்குவது?

பதில்: டெப்ஸ் ஃபோல்டரை இப்போதைக்குத் தள்ளி வை தம்பி. லுவா, ஜெமாலக் என்று வெளியிலிருந்து எடுத்தவைதான் அதில் இருக்கின்றன. எஸ்ஆர்சி ஃபோல்டரில் சர்வர்.எச் ஃபைலைத் திற. மூன்று ஸ்ட்ரக்ட்களைத் (சி மொழியில் பல தரவுகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் வடிவம்) தேடு: சர்வரின் மொத்த நிலையையும் வைத்திருக்கும் ரெடிஸ்சர்வர், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒன்றாக உருவாகும் கிளையன்ட், சேமித்த மதிப்பைச் சுமக்கும் ரெடிஸ்ஆப்ஜெக்ட். தரவு எந்த வடிவில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், ஃபங்ஷன்கள் என்ன செய்யும் என்பதைப் பாதி நீயே ஊகித்துவிடுவாய்.

கேள்வி: மெயின் ஃபங்ஷனிலிருந்து வரிசையாகப் படித்தால் போதாதா?

பதில்: போதாது. சர்வர்.சி-யில் உள்ள மெயின், கான்ஃபிக் படிப்பது, போர்ட் திறப்பது என்று ஏற்பாடுகளை முடித்துவிட்டு, ஏஇமெயின் என்ற சுழலுக்குள் (ஈவன்ட் லூப்) போய்விடும். அப்புறம் நடப்பதெல்லாம் வெளியிலிருந்து வரும் கோரிக்கையைப் பொறுத்தது. அதனால் ஒரே ஒரு கோரிக்கையின் பின்னாலேயே போங்கள். ‘மேக் நோஆப்ட்’ (make noopt) கொடுத்து ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்து, ஜிடிபி என்ற டீபக்கரில் செட்கமாண்ட் ஃபங்ஷனுக்கு பிரேக்பாயின்ட் (நிரல் அங்கே வந்ததும் நிற்கும் புள்ளி) வையுங்கள். இன்னொரு டெர்மினலில் ஒரு செட் கட்டளை (மதிப்பைச் சேமிக்கச் சொல்வது) அனுப்புங்கள். நின்றதும் பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) எடுத்தால் ரீட்குவரிஃப்ரம்கிளையன்ட், ப்ராசஸ்கமாண்ட், கால் என்று வந்த வழி முழுக்கத் தெரியும். கெட், எல்புஷ் என்று வேறு எதை அனுப்பினாலும் கிட்டத்தட்ட இதே வழிதான், கடைசிப் படி மட்டும் மாறும். எல்லாக் கட்டளைகளும் கடந்து போகிற அந்த நடுப்பகுதியைத்தான் நிதானமாக, வரி விடாமல் படிக்க வேண்டும்.

கேள்வி: பெரிய ஃபைல் என்றால் முக்கியமான ஃபைலா?

பதில்: இல்லை. ஈவன்ட் லூப் இருக்கும் ஏஇ.சி சில நூறு வரிகள்தான். அது இல்லாமல் சர்வர் அசையாது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து அனுப்பும் கருவியின் ஃபைலான ரெடிஸ்-சிஎல்ஐ.சி அதைவிடப் பல மடங்கு பெரியது, அது இல்லாமலும் சர்வர் ஓடும்.

கேள்வி: சார், எங்கள் அலுவலக நிரல் பழையது. எழுதியவர்கள் போய்விட்டார்கள், ஆவணமும் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் வரலாறு இருக்கிறதா? எந்த ஃபைல் எத்தனை கமிட்டில் (பதிந்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட்) மாறியது என்று எண்ணி வரிசைப்படுத்துங்கள். முதலில் வருபவற்றின் கமிட் செய்திகளையும் படியுங்கள். புது வசதிக்காக மாறியதா, ஒரே பிழையைத் திரும்பத் திரும்பத் திருத்தியதா என்பது அதில் தெரியும். பல வருடமாக மாறாத ஃபைல் என்றாலும், பாதி நிரல் அதை இன்க்ளூட் செய்கிறது என்றால் அதையும் பட்டியலில் சேருங்கள். டெஸ்ட்கள் இருந்தால் இன்னும் நல்லது, முதலில் அவற்றை ஓட்டிப் பாருங்கள்.