பட்டறைக் கேள்வி பதில்: எந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது சரியான போஸ்ட்?

குன்னூர் வாசகர்: தேயிலை ஃபேக்டரி மெஷின்களுக்கு உதிரிபாகம் செய்கிற பட்டறை எங்களுடையது. நான்கு கம்ப்யூட்டரில் மாஸ்டர்கேம் (மெஷினுக்குப் புரோகிராம் எடுக்கும் கேம் மென்பொருள்) இருக்கிறது. நான்கிலும் போஸ்ட் (மென்பொருள் போட்ட பாதையை மெஷினுக்குப் புரியும் கட்டளைகளாக, அதாவது ஜி-கோடாக, மாற்றும் ஃபைல்) வேறு, டூல் லைப்ரரி வேறு. ஒரே பாகத்துக்கு இரண்டு பேர் புரோகிராம் எடுத்தால் இரண்டு விதமாக வருகிறது. நிர்வாகம் பென் டிரைவை அடைத்துவிட்டது, இன்டர்நெட்டும் கிடையாது. சர்வரில் ஒரு ஷேர் ஃபோல்டர் மட்டும் தந்திருக்கிறார்கள். அதை வைத்தே எல்லோரும் ஒரே ஃபைல்களைப் பயன்படுத்த வழி உண்டா?

பதில்: உண்டு, அந்த ஒரு ஃபோல்டரே போதும். பகிர வேண்டியவை ஐந்து: போஸ்ட், மெஷின் டெஃபினிஷன் (மெஷினின் விவரம்), கன்ட்ரோல் டெஃபினிஷன் (அதை ஓட்டும் கன்ட்ரோலின் விவரம்), டூல் லைப்ரரி, ஆபரேஷன் டிஃபால்ட்ஸ் (ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்கூட்டியே வைத்த அளவுகள்). திரை அமைப்பு, ஷார்ட்கட் கீ, தற்காலிக ஃபோல்டர் இதையெல்லாம் வைத்திருக்கும் கான்ஃபிக் ஃபைல் அவரவர் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும். அதையும் சேர்த்துக் காப்பி எடுத்தால் ஒருவருடைய 'டி' டிரைவ் பாதை, 'டி' டிரைவே இல்லாத இன்னொருவர் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த ஐந்தும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பவை. எந்தக் கன்ட்ரோல் என்று மெஷின் டெஃபினிஷனுக்குள் எழுதியிருக்கும். எந்தப் போஸ்ட், எந்த ஃபோல்டர் என்று கன்ட்ரோல் டெஃபினிஷனுக்குள் எழுதியிருக்கும். போஸ்டை மட்டும் சர்வருக்கு மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டால், மென்பொருள் பழைய பாதையில்தான் தேடும். அங்கே பழைய போஸ்ட் இன்னும் கிடந்தால் சத்தமில்லாமல் அதையே எடுத்துக்கொள்ளும். உங்கள் பட்டறையில் இரண்டு விதமாக வருவதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சர்வரில் இருப்பது மூலப்பிரதி, வேலை நடப்பது உள்ளூர்ப் பிரதியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு கம்ப்யூட்டரிலும் 'சி' டிரைவில் ஒரே பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரே மாதிரி உள் ஃபோல்டர்கள். டெஃபினிஷன்களில் எழுதியிருக்கும் பாதையை ஒரு முறை இந்த ஃபோல்டருக்குத் திருத்தி, திருத்தியதை மூலப்பிரதியாக சர்வரில் வையுங்கள். காலையில் லாகின் செய்யும்போது ஒரு சிறிய பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஃபைல்) சர்வரிலிருந்து எடுத்து வந்து இங்கே போடட்டும். நேரடியாக சர்வர் ஃபைலிலேயே வேலை செய்தால் என்ன என்று கேட்பீர்கள். கரண்ட் போய் நெட்வொர்க் ஸ்விட்ச் அணைந்தால் நால்வர் வேலையும் நிற்கும். அதைவிடத் தொல்லை டூல் லைப்ரரி. இரண்டு பேர் திறந்து ஆளுக்கொரு டூல் சேர்த்தால், ஒன்று ஃபைல் பூட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் ஒருவர் சேர்த்தது காணாமல் போகும்.

எடுத்து வர ரோபோகாப்பி என்ற காப்பிக் கட்டளை போதும், விண்டோஸிலேயே இருக்கிறது. உள் ஃபோல்டர்களும் வர, கட்டளையோடு சேர்க்கும் 'ஈ' சுவிட்ச். அதோடு 'ஆர்' 2 (இரண்டு தடவை மறுமுயற்சி), 'டபிள்யூ' 5 (நடுவில் 5 வினாடி காத்திருப்பு) கட்டாயம் வேண்டும். போடாவிட்டால் பூட்டியிருக்கும் ஒரு ஃபைலுக்காக அது 10 லட்சம் தடவை, ஒவ்வொரு தடவையும் 30 வினாடி காத்திருந்து, முயன்றுகொண்டே இருக்கும். காலை ஷிஃப்ட்காரர் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 'எக்ஸ்ஓ' என்ற சுவிட்சைச் சேர்க்கச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். சேர்த்தால், யாராவது உள்ளூர்ப் பிரதியில் நேற்று கை வைத்திருந்தால் தேதி புதியது என்பதால் அந்தப் பிரதி அப்படியே தங்கிவிடும். அது இல்லாமல் ஓட்டினால் மூலப்பிரதி பழைய தேதியில் இருந்தாலும் மேலே வந்து விழும். நமக்கு வேண்டியது அதுதான். 'மிர்' சுவிட்ச் இன்னும் ஆபத்து. மூலத்தில் இல்லாததை எல்லாம் இங்கே அழித்துவிடும், பாதையில் ஓர் எழுத்து பிசகினால் ஃபோல்டரே காலி. வேலை முடிந்து அது தரும் எண் 8-க்குக் கீழே இருந்தால் நலம். 1 என்று வந்தால் காப்பி ஆகிவிட்டது என்று பொருள், பிழை இல்லை.

சர்வரில் எழுதும் உரிமை ஒரே ஒருவருக்கு. மற்றவர்களுக்குப் படிக்க மட்டும். ஷேரிங் டேபில் ஒரு அனுமதி, செக்யூரிட்டி டேபில் ஒரு அனுமதி என்று இரண்டு உண்டு. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். எழுதும் உரிமை கொடுத்த பிறகும் எழுத முடியவில்லை என்றால் மற்ற டேபைப் பாருங்கள். குழுவில் புதிதாகச் சேர்த்த ஆள் ஒரு முறை லாக் ஆஃப் செய்து உள்ளே வந்தால்தான் உரிமை நடைமுறைக்கு வரும்.

டூல் லைப்ரரியில்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். எண் 1 முதல் 20 வரை எல்லா மெஷினிலும் நிலையான டூல்கள், நீள ஆஃப்செட் (டூலின் நீளத்தை மெஷினில் பதிந்துவைக்கும் இடம்) எண்ணும் டூல் எண்ணும் ஒன்றே என்று முடிவு செய்யுங்கள். அந்தந்த வேலைக்கு மட்டுமான டூல்கள் 50-க்கு மேல், அந்த வேலையின் ஃபைலிலேயே இருக்கட்டும். நிலையான டூல் ஒன்று சேர்க்க வேண்டுமானால் நோட்டில் எழுதட்டும், எழுதும் உரிமை உள்ளவர் வாரம் ஒரு முறை சேர்ப்பார். பேப்பர் நோட்டுதான், ஆனால் இதற்கு அதைவிட நல்ல மென்பொருள் கிடையாது.

நான்கு கம்ப்யூட்டரிலும் ஒரே ஆண்டுப் பதிப்பு இருக்க வேண்டும். புதிய பதிப்பில் சேமித்த டெஃபினிஷனைப் பழைய பதிப்பு திறக்காது.

கோத்தகிரி வாசகர்: 'இசட்' டிரைவ் எக்ஸ்புளோரரில் நன்றாகத் தெரிகிறது. கேம் மென்பொருளுக்குள் போனால் அந்த டிரைவே இல்லை. ஏன்?

பதில்: மென்பொருளை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்கிறீர்கள். டிரைவ் எழுத்து நீங்கள் சாதாரணமாக லாகின் செய்த அமர்வுக்குச் சொந்தமானது. அட்மின் உரிமையில் ஓடும் புரோகிராமுக்கு அது தெரியாது. அட்மின் உரிமை இல்லாமல் திறக்க முடிந்தால் திறங்கள். இல்லாவிட்டால் டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு, இரட்டைப் பின்சாய்வுக் கோட்டில் தொடங்கி சர்வர் பெயர், ஷேர் பெயர் என்று முழுப் பாதையாகவே கொடுங்கள்.

கூடலூர் வாசகர்: போஸ்ட் திருத்தித் தந்த விற்பனையாளர் மெயிலில் அனுப்புகிறார். எங்கள் மெயில் வடிகட்டி அதை நிறுத்திவிடுகிறது. போனில் வாட்ஸ்அப்பில் வாங்கி, ஹாட்ஸ்பாட் போட்டு ஏற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். பெரிய நிறுவனங்களுக்குப் பாகம் செய்து கொடுக்கிற பட்டறை என்றால், வாடிக்கையாளர் டிராயிங் இருக்கும் கம்ப்யூட்டரில் வெளி நெட் பிடித்தது தெரிந்தாலே ஆர்டர் போய்விடும். ஐ.டி. ஆளின் பயமும் வீண் இல்லை. ஃபியூஷன் என்ற இன்னொரு கேம் மென்பொருளின் சி.பி.எஸ். போஸ்ட் என்பது அசல் ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராம், வெறும் தரவு ஃபைல் இல்லை.

ஐ.டி.க்கு "மெயிலைத் திறந்துவிடுங்கள்" என்று கேட்டால் கிடைக்காது. ஃபைல் பெயர், எக்ஸ்டென்ஷன், அளவு, யார் அனுப்புகிறார், எந்த ஃபோல்டரில் வந்து விழ வேண்டும் என்று ஒரே தாளில் எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். விற்பனையாளரிடம் ஃபைலின் ஷா-256 கைரேகையை (ஃபைல் சிறிது மாறினாலும் மாறிவிடும் அடையாளக் குறியை) போனில் வாங்கிக்கொள்ளுங்கள். 64 எழுத்து வரும், முதல் எட்டும் கடைசி எட்டும் வாசித்தால் நடைமுறைக்குப் போதும். உங்கள் பக்கம் 'செர்ட்யூட்டில்' கட்டளையில் 'ஹாஷ்ஃபைல்', ஃபைல் பெயர், கடைசியில் 'ஷா256' என்று கொடுத்தால் அதே எழுத்துகள் வர வேண்டும்.

மாஸ்டர்கேம் போஸ்ட் என்றால் பி.எஸ்.டி., பி.எஸ்.பி. என்று இரண்டு ஃபைல் வரலாம். இரண்டாவது பூட்டிய பகுதி. இரண்டும் ஒரே பெயரில், ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். ஒன்றின் பெயரை மட்டும் மாற்றினால் போஸ்ட் ஓடாது. உங்கள் உரிம எண்ணுக்குப் பூட்டித் தந்திருந்தால் பக்கத்துப் பட்டறைக்குக் கொடுத்தும் பயனில்லை.

பந்தலூர் வாசகர்: ஜூலை மழையில் மரம் விழுந்து கரண்ட் போனது. வந்த பிறகு பார்த்தால் சர்வரில் இருந்த டூல் லைப்ரரி 0 கேபி. காலை காப்பியில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதுவே ஏறிவிட்டது.

பதில்: சேமித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இப்படித்தான் ஆகும். ரோபோகாப்பியில் 'மின்' 1 என்று சேர்த்துவிட்டால் 0 பைட் ஃபைலை அது தொடாது. சர்வரில் ஷேடோ காப்பி போட்டுவைக்கச் சொல்லுங்கள். ஃபைலை ரைட் கிளிக் செய்து 'ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்' போனால் நேற்றையது இருக்கும். யு.பி.எஸ். சர்வருக்கு மட்டும் போதாது, நடுவில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் வேண்டும். பலர் மறப்பது அதைத்தான்.

கேத்தி வாசகர்: பொதுவான போஸ்ட் ஒன்று வைத்தோம். ஒரு மெஷினில் சரியாக ஓடுகிறது. இன்னொன்றில் 10 மி.மீ. போக வேண்டிய இடத்தில் அசையவே இல்லை. இரண்டும் ஃபேனக் கன்ட்ரோல்தான்.

பதில்: ஜி-கோடில் அந்த எண்ணைப் பாருங்கள். 'எக்ஸ் 10' என்று புள்ளி இல்லாமல் இருக்கும். 0ஐ, 18ஐ வகைக் கன்ட்ரோல்களில் 3401-ஆம் பாராமீட்டரின் 0-ஆவது பிட் 0 ஆக இருந்தால், புள்ளியில்லாத 10 என்பது வழக்கமான அமைப்பில் 0.010 மி.மீ. பிட் 1 ஆக இருந்தால் அதே எண் 10 மி.மீ. அசைந்தது 10 மைக்ரான், கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பாராமீட்டரில் கை வைக்காதீர்கள். அந்த மெஷினில் ஏற்கெனவே ஓடும் பழைய புரோகிராம்கள் எல்லாம் அந்த அமைப்பை நம்பி எழுதியவை. போஸ்டிலேயே எல்லா எண்ணுக்கும் புள்ளி வரும்படி திருத்துங்கள், இரண்டு மெஷினுக்கும் பொருந்தும்.

அசையாமல் நின்றது உங்கள் நல்ல நேரம். இதே குழப்பம் 'இசட்' மேலே ஏறும் வரியில் வந்திருந்தால் டூல் ஜாபுக்குள் இருந்தபடியே அடுத்த இடத்துக்கு ஓடியிருக்கும். போஸ்ட் மாறும்போதெல்லாம், டிரில், டேப், பாக்கெட், ஆர்க் நான்கும் உள்ள ஒரு மாதிரி பாகத்தைப் பழைய போஸ்டிலும் புதிய போஸ்டிலும் எடுத்து, 'எஃப்.சி.' கட்டளையில் இரண்டையும் ஒப்பிடுங்கள். நீங்கள் திருத்திய வரிகள் மட்டும் வேறுபட வேண்டும். வேறு ஒரு வரி மாறியிருந்தாலும் அந்தப் போஸ்ட் 'சோதனை' ஃபோல்டரிலேயே இருக்கட்டும். பிறகு ஜாப் இல்லாமல், ஒர்க் ஆஃப்செட்டில் 'இசட்' 100 மி.மீ. உயர்த்தி, சிங்கிள் பிளாக்கில், ரேப்பிட் 25 சதவீதத்தில் ஒரு ஓட்டம்.

இன்னொன்று: புரோகிராமின் தலைப்பில் போஸ்டின் பதிப்பு எண் தானாக விழும்படி போஸ்டில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மெஷின் திரையைப் பார்த்தாலே எந்தப் போஸ்டில் வந்தது என்று தெரியும், நான்கு கம்ப்யூட்டரையும் தோண்ட வேண்டாம். அந்த வரி ஆங்கிலப் பெரிய எழுத்தில், அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும்.

உதகை வாசகர்: சர்வரை மாற்றிய பிறகு, விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய மெஷின் ஷேர் ஃபோல்டரைப் பார்க்க மறுக்கிறது. பாஸ்வேர்டு சரிதான்.

பதில்: பாஸ்வேர்டில் கோளாறு இல்லை. எக்ஸ்பி பேசுவது எஸ்.எம்.பி. 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையில். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு முதல் அது இயல்பாகவே வருவதில்லை, புதிய சர்வர்களிலும் அப்படித்தான். சர்வரில் அதை மறுபடி ஏற்றச் சொல்லாதீர்கள். 2017-இல் வான்னாகிரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியது அந்த ஓட்டை வழியாகத்தான்.

இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள ஒரு கம்ப்யூட்டரை நடுவில் வையுங்கள். ஒரு கார்டு சர்வர் பக்கம், இன்னொன்று நேராக மெஷினுக்கு. இரண்டையும் பிரிட்ஜ் செய்யக் கூடாது. மெஷின் கன்ட்ரோலில் எஃப்.டி.பி. (நெட்வொர்க்கில் ஃபைல் அனுப்பும் இன்னொரு முறை) வசதி இருந்தால் அந்த நடுக் கம்ப்யூட்டரில் எஃப்.டி.பி. போதும், எஸ்.எம்.பி. 1 தேவையே இல்லை.

எதுவும் ஒத்துவரவில்லை என்றால் ஆர்.எஸ். 232 என்ற பழைய சீரியல் கேபிள் இணைப்பு இருக்கவே இருக்கிறது. பெரும்பாலும் 9600 பாட், 7 பிட், ஈவன் பாரிட்டி, 2 ஸ்டாப் பிட், எக்ஸ்ஆன் எக்ஸ்ஆஃப். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும். கேபிள் 15 மீட்டருக்குள் இருக்கட்டும். கம்ப்யூட்டர் ஒரு எர்த், மெஷின் வேறு எர்த் என்று இருந்தால் மலையில் இடி இடிக்கும் ஏப்ரல், மே மாதங்களில் முதலில் போவது இந்த போர்ட்தான். நடுவில் ஒரு ஆப்டிகல் ஐசொலேட்டர் போடுங்கள், போர்டு மாற்றும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. கேபிளைப் பிடுங்குவதும் செருகுவதும் இரண்டு பக்கமும் அணைத்த பிறகு மட்டும்.