மாலை ஆறு மணிக்கு மேல் மீன்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த மீன் கேள்விகள் எல்லாம் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: வேலை முடிந்து வீடு வந்த பிறகு, களைப்போடு, மீன் சமைப்பது எப்படி? வெள்ளைச் சதை மீன் என்று இங்கே சொல்வது விளைமீன், கலவாய், கொடுவா, சின்னப் பாரை, சீலா, கிழக்கன் போன்றவற்றை. சூரைக்கும் சூடைக்கும் கைப்பக்குவம் வேறு.

கேள்வி: நானும் கணவரும் வேலையால் வர ஆறு மணி தாண்டிவிடும். ஏழரைக்கே பிள்ளைகள் தூங்கி விழத் தொடங்கிவிடுவார்கள். மீன் குழம்பு வைத்தால் ஒரு மணித்தியாலம் போகிறது. அதனால் கிழமை நாட்களில் முட்டையும் பருப்பும்தான். வேறு வழி உண்டா?
(வாசகி, உப்புவெளி)

பதில்: உண்டு. ஒரு விரல் தடிப்பான விளைமீன் துண்டு கொதிக்கும் தேங்காய்ப்பாலுக்குள் ஆறு நிமிடத்தில் அவிந்துவிடும். உங்கள் ஒரு மணித்தியாலத்தைத் தின்பது மீன் இல்லை. வெங்காயம் வதக்குவது, தூளின் பச்சை வாசம் போக விடுவது, புளி கரைத்து ஊற்றிக் குழம்பை வற்ற விடுவது, இவைதான். தூள் போடாத, வற்ற விடத் தேவையில்லாத சமையலைப் பிடித்தால் நேரம் தானாகவே பாதியாகிவிடும். அதற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே இருப்பது சொதி. காலையில் இடியப்பத்துக்கு வைக்கிற வெறும் சொதியை மாலையில் மீனோடு வையுங்கள்.

வந்தவுடன் ரைஸ் குக்கரில் சிவப்புப் பச்சையரிசியைப் போட்டுவிடுங்கள். அது வேக எடுக்கிற அரை மணி நேரம்தான் உங்கள் மொத்தச் சமையல் நேரம். கடையில் இடியப்பமோ பாணோ வாங்கி வந்திருந்தால் அந்தக் காத்திருப்பும் இல்லை. அடுத்து, 500 கிராம் மீனைக் கழுவி வடித்து, அரைத் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி மஞ்சளும் பிரட்டி வையுங்கள். மற்ற வேலை முடியும்வரை அது அப்படியே இருக்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் உப்பு சதைக்குள் இறங்கி, மீன் கொஞ்சம் இறுகி, சட்டியில் உடையாமல் நிற்கும்.

பாதித் தேங்காயைத் துருவி, முக்கால் கோப்பை இளஞ்சூட்டு நீரில் முதற்பாலைப் பிழிந்து தனியே வையுங்கள். அதே பூவில் இரண்டு கோப்பை நீர் விட்டு இரண்டாம் பால். துருவ நேரமில்லையென்றால் தேங்காய்ப்பால் மாவில் நான்கு மேசைக்கரண்டியை முக்கால் கோப்பை நீரில் கரைத்தால் முதற்பால். ஒரு மேசைக்கரண்டியை இரண்டு கோப்பை நீரில் கரைத்தால் இரண்டாம் பால். ருசியில் சிறிது குறைவுதான். கிழமை நாளுக்கு அது போதும்.

இரண்டாம் பாலை அகன்ற சட்டியில் ஊற்றி, பத்துச் சின்ன வெங்காயம், நெடுக்காகக் கீறிய மூன்று பச்சை மிளகாய், மூன்று பல் உள்ளி, ஒரு தக்காளி, அரைத் தேக்கரண்டி வெந்தயம், இரண்டு விரல் நீளம் ரம்பை, ஒரு நெட்டு கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க விடுங்கள். எட்டு நிமிடத்தில் வெந்தயம் ஊதி, வெங்காயம் கண்ணாடி போல ஆகிவிடும். இப்போது நெருப்பைக் குறைத்து, மீனை ஒரே அடுக்காக இறக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் கீழ்த்துண்டு கரைந்த பிறகும் மேல்துண்டு பச்சையாகவே இருக்கும். பால் மீனை மூட வேண்டும். மூடாவிட்டால் அரைக் கோப்பை சுடுநீர் விடலாம். அகப்பையை விட்டுக் கிளறாதீர்கள். சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்து வட்டமாக ஒருதரம் ஆட்டினால் போதும்.

ஐந்தாவது நிமிடம் ஒரு துண்டை, நடுமுள்ளுக்குப் பக்கத்தில், கத்தி நுனியால் மெல்ல விலக்கிப் பாருங்கள். அவியாத சதை ஈரக் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், முள்ளை விடாமல் பிடித்திருக்கும். அவிந்த சதை பால் வெள்ளையாகி, இதழ் இதழாக வழுக்கிப் பிரிந்து, முள்ளில் இருந்து கழலும். முள்ளோரம் மட்டும் இன்னும் கண்ணாடியாக இருந்தால் இன்னொரு நிமிடம் விடுங்கள். அதற்கு மேல் ஐந்து நிமிடம் கொதித்தால் அந்த இதழ்களுக்கிடையில் இருந்த நீர் எல்லாம் சொதிக்குள் போய், வாயில் பஞ்சு போல இருக்கும். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து சமைத்த மீன் அப்படிப் போவது பெரிய அநியாயம். அவிந்துவிட்டது என்று தெரிந்ததும் முதற்பாலை விட்டு, ஓரத்தில் சின்னக் குமிழி வந்தவுடன் இறக்குங்கள்.

இடையில் மீன் அவிகிற நேரத்தில் மற்ற அடுப்பில் ஒரு பிடி முருங்கையிலையோ பொன்னாங்காணியோ வறை வைத்துவிடலாம். இவ்வளவும் அரை மணித்தியாலத்துக்குள் அடங்கும்.

கேள்வி: சொதியில் தேசிக்காய் விட்டதும் பால் திரைந்து விடுகிறது. ஏன்?
(வாசகி, மூதூர்)

பதில்: கொதிக்கும்போது விடுவதால். தேங்காய்ப்பாலில் நெய்யும் நீரும் சேர்ந்திருப்பது மெல்லிய ஒரு பிடிப்பில்தான். கடும் சூடும் புளிப்பும் ஒன்றாக வந்தால் அது விட்டுப்போகும். அடுப்பை நிறுத்தி, மூன்று நிமிடம் ஆறவிட்டு, அரைத் தேசிக்காயைக் கரண்டியில் பிழிந்து சுற்றி ஊற்றுங்கள். முதற்பால் விட்ட பிறகு தளதளவென்று கொதிக்க விட்டாலும் இதே கதிதான். திரைந்த சொதியைச் சாப்பிடலாம், கெட்டதில்லை.

கேள்வி: எண்ணெய் குறைவாக விட்டு மீன் பொரிக்கப் பார்க்கிறேன். தோல் தாச்சியோடு ஒட்டிக்கொள்கிறது, திருப்பும்போது மீன் நொறுங்குகிறது. எண்ணெய் கூட விட்டால்தான் சரிவருமா?
(வாசகர், சீனக்குடா)

பதில்: எண்ணெய் போதும். குறை ஈரத்திலும் அவசரத்திலும் இருக்கிறது.

ஈர மீன் தாச்சியில் விழுந்தவுடன் முதலில் நீர் ஆவியாக வேண்டும். அதுவரை தாச்சியின் சூடு இறங்கி, மீன் பொரியாமல் அவிகிறது. அப்போது சதையிலுள்ள புரதம் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நான்கு துண்டு மீனுக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், கால் தேக்கரண்டி மஞ்சள் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். மேலே முத்து முத்தாக நீர் கசிந்திருக்கும். அதைச் சுத்தமான பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம், மசாலா போய்விடும். இரண்டு பக்கமும் அரிசிமாவை மெல்லியதாகத் தூவித் தட்டிவிடுங்கள், மொத்தத்துக்கு இரண்டு தேக்கரண்டி மா போதும்.

இரும்புத் தாச்சியை முதலில் வெறுமனே சூடாக்கி, ஒரு துளி நீர் விட்டால் உருண்டு ஓட வேண்டும். பிறகு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெய். எண்ணெய் நெளியத் தொடங்கியதும் மீனை, தோல் பக்கம் கீழே இருக்க, வையுங்கள். முதல் பத்து விநாடி தட்டைக் கரண்டியால் மெல்ல அழுத்திப் பிடித்தால் தோல் சுருளாது. அதன் பிறகு மூன்று நிமிடம் கையை எடுத்துவிடுங்கள். நொறுங்குவது பெரும்பாலும் இங்கேதான்: ஒரு நிமிடத்தில் தூக்கிப் பார்க்கிறோம். அடிப்பக்கம் மொறுகி முடிந்ததும் மீன் தாச்சியைத் தானாக விடும். விடாத மீன் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். மறுபக்கத்துக்கு இரண்டு நிமிடம். தாச்சியில் துண்டுகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி வேண்டும். எல்லாத் துண்டையும் நெருக்கி அடுக்கினால் மறுபடி ஆவியும் நீரும்தான்.

ஒட்டாத பூச்சுள்ள தாச்சி என்றால் வெறுமனே கடுஞ்சூடு ஏற்றாதீர்கள், பூச்சு பழுதாகிவிடும். அதில் எண்ணெய் விட்ட பிறகே அடுப்பை மூட்டுங்கள்.

தேசிக்காயில் ஊறவைக்கிற பழக்கம் இருந்தால் பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். புளிப்பே சதையை இறுக்கி வெள்ளையாக்கத் தொடங்கும். அரை மணி ஊறிய மீன் அடுப்புக்குப் போகும் முன்னரே பாதி அவிந்தது போலாகி, பொரித்த பிறகு சுண்ணாம்புக் கட்டி போல உதிரும். பரிமாறும்போது பிழிந்துகொள்வதே சுகம்.

கேள்வி: சந்தைக்குப் போக எனக்கு மாலை ஐந்தரைக்குத்தான் முடிகிறது. அந்த நேரம் கிடக்கும் மீனை நம்பி வாங்கலாமா?
(வாசகர், திருக்கடலூர்)

பதில்: ஐஸில் கிடந்திருந்தால் வாங்கலாம். முழு மீன் என்றால் பூவை, அதாவது செவுளை, தூக்கிப் பாருங்கள்: சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். மண்ணிறமாகி வழுவழுப்பாக இருந்தால் வேண்டாம். கண் புடைத்துத் தெளிந்திருக்க வேண்டும். முதுகில் விரலால் அழுத்தினால் பள்ளம் எழும்பி வர வேண்டும். வெட்டி வைத்த துண்டுகளில் ஏமாறுவதுதான் அதிகம், ஏனெனில் பூவும் கண்ணும் அங்கே இல்லை. நடுமுள்ளைச் சுற்றி இரத்தம் சிவப்பாக இருக்கிறதா, கபிலமாகிவிட்டதா என்று பாருங்கள். ஓரம் காய்ந்து மஞ்சளித்து, இதழ்கள் ஏற்கெனவே பிரிந்து நின்றால் அது நேரம் கடந்த துண்டு. முகர்ந்தால் கடல் வாசம் வரலாம், அமோனியா நெடி வரக்கூடாது.

வெள்ளை மீன் பழுதானால் மணம் காட்டிக்கொடுத்துவிடும். சூரையில் அப்படியில்லை. வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் ஊறிவிடும். மணம் பெரிதாக மாறாமலே முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. மாலையில் சந்தைக்குப் போகிறவர் வெள்ளை மீனைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும்.

இன்னொரு வழி, ஞாயிறு காலை வாங்கி வைப்பது. ஒரு விரல் தடிப்பில் வெட்டித் தரச் சொல்லுங்கள். எல்லாத் துண்டும் ஒரே தடிப்பாக இருந்தால்தான் ஒரே நேரத்தில் அவியும். கழுவி, ஈரம் ஒற்றி, ஒரு வேளைக்குத் தேவையான 500 கிராமாகப் பிரித்து, பொலித்தீன் பையில் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி ஃபிரீசரில் வையுங்கள். உருண்டையாகக் கட்டி வைத்த மீன் இளக மூன்று மடங்கு நேரம் எடுக்கும். காலையில் வேலைக்குப் போகும்போது பையை ஃபிரீசரில் இருந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மாலையில் தயார். மறந்துவிட்டால், பையைத் திறக்காமலே குழாய்த் தண்ணீரில் அரை மணி அமிழ்த்துங்கள், இடையில் ஒருதரம் தண்ணீரை மாற்றுங்கள். சமையலறை மேசையில் பகல் முழுக்க வைத்துவிட்டுப் போவது நம் ஊர் வெக்கைக்கு ஒத்துவராது.

மாரி காலத்தில், ஐப்பசி கடைசியில் இருந்து தை வரைக்கும், வாடைக் காற்றில் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையிலேயே கிடக்கிற நாட்கள் உண்டு. அந்த நாட்களில் ஐஸில் மூன்று நாள் கிடந்த மீனைவிட உங்கள் ஃபிரீசர்ப் பொதி எவ்வளவோ மேல்.

கேள்வி: அப்பாவுக்கு இரத்த அழுத்தமும் கொலஸ்ட்ரோலும். மீன் நல்லது என்கிறார்கள், ஆனால் சொதியில் தேங்காய்ப்பால் இருக்கிறதே?
(வாசகி, தம்பலகாமம்)

பதில்: 100 கிராம் வெள்ளை மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம், கொழுப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு கிராம்தான். ஆகவே நீங்கள் சந்தேகப்படுவது சரியான இடத்தில்தான்: நிறைகொழுப்பு வருவது முதற்பாலில். அப்பாவுக்கு வாழையிலையில் அவித்துக் கொடுங்கள். இலையை நெருப்பில் வாட்டி, 150 கிராம் துண்டின் மேல் தட்டிய இஞ்சி, உள்ளி, மிளகு, கறிவேப்பிலை, வட்டமாக வெட்டிய தக்காளி வைத்து மடியுங்கள். உப்பு ஒரு சிட்டிகை. இடியப்பச் சட்டியில் நீர் கொதித்த பிறகு பொதியைத் தட்டில் வைத்து மூடி, பன்னிரண்டு நிமிடம். நீர் கொதிக்கும் முன் வைத்தால் நேரக் கணக்குப் பிழைத்துவிடும். பிரித்ததும் தேசிக்காய் பிழியுங்கள்; புளிப்பு இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. இலைக்குள் தேங்கும் சாறைக் கொட்டிவிடாதீர்கள், சோற்றுக்கு அதுவே குழம்பு.

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சொல்லும் உப்பு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது மட்டமான ஒரு தேக்கரண்டிகூட இல்லை. அதே சாப்பாட்டுக்குப் பக்கத்தில் கருவாடும் ஊறுகாயும் வைத்தால் மீனில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். இருதயத்துக்கு நல்லது என்று சொல்கிற ஒமேகா-3 கொழுப்பு வெள்ளை மீனில் குறைவு. கிழமைக்கு ஒருமுறை சூடையோ சாளையோ சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்தை மட்டும் வைத்தியரைக் கேட்காமல் குறைக்க வேண்டாம்.

கேள்வி: மூன்று வயது மகனுக்கு முள்ளுக்குப் பயந்து மீன் கொடுப்பதில்லை.
(வாசகி, பாலையூற்று)

பதில்: கிழக்கன், சின்ன ஒட்டி மீன் வேண்டாம். பெரிய கொடுவா அல்லது பாரையின் முதுகுப் பக்கச் சதையை முள் நீக்கி வெட்டுவித்து வாங்குங்கள். வயிற்றுப் பக்கத்தில் விலா முள் இருக்கும். அவித்த பிறகு வெளிச்சத்தில் வைத்து, கரண்டியால் இல்லாமல் விரல் நுனியால் இதழ் இதழாக உதிர்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பியது விரலில் குத்தும். பிறகு சோற்றோடு பிசையுங்கள்.

கேள்வி: மிஞ்சிய மீனை அடுத்த நாள் சூடாக்கினால் ரப்பர் போலாகிவிடுகிறது.
(வாசகர், நிலாவெளி)

பதில்: சூடாக்காமல் சாப்பிடுகிற வழியைப் பாருங்கள். சாப்பிட்டு முடிந்த ஒரு மணித்தியாலத்துக்குள், சாறில்லாத துண்டுகளை மூடியுள்ள பாத்திரத்தில் பிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் முள் நீக்கி உதிர்த்து, பொடியாக வெட்டிய வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், மிளகுத்தூள், தேசிக்காய்ச் சாறு கலந்து பிசைந்து, பாணுக்குள் வைத்து உடனே சாப்பிடுங்கள். பாடசாலைக்கோ அலுவலகத்துக்கோ கட்டிக்கொண்டு போவதென்றால் ஐஸ் பையோடு கட்டுங்கள். மதியம்வரை வெக்கையில் கிடக்க விடக்கூடாது.