கருப்பா, செராமிக்கா? ராமேஸ்வரம் சாலைக்கு எந்த சன் பிலிம்?

ராமநாதபுரத்திலிருந்து தினமும் காலையில் ராமேஸ்வரம் போய் மாலையில் திரும்புவதாகச் சொல்லி, கருப்பு பிலிம் ஒட்டுவதா, செராமிக் (நுண்ணிய பீங்கான் துகள் கலந்த பிலிம்) ஒட்டுவதா, கடையில் பல்பு வைத்துக் காட்டுவதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு வீடு மண்டபம், வேலை ராமநாதபுரம். அதே சாலையில் உங்களுக்கு எதிர்த்திசையில் ஏழு வருடமாகப் போய் வருகிறேன். தப்பான பிலிமைத் தப்பான கண்ணாடியில் ஒட்டிப் பணத்தை இழந்த அனுபவம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த பல்பு. கடைக்காரர் ஒரு சூட்டு விளக்கை எரியவிட்டு, பிலிம் ஒட்டிய கண்ணாடியை நடுவில் பிடித்து, "கையை வச்சுப் பாருங்கண்ணே" என்பார். சுடாது. ஆனால் அந்த பல்பிலிருந்து வருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர்தான். வெயில் அப்படி இல்லை. சூரிய ஆற்றலில் ஏறக்குறையப் பாதிதான் அகச்சிவப்பு. 40 சதவீதத்துக்கும் மேல் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம், மிச்சம் கொஞ்சம் புற ஊதா. வெளிச்சமும் சீட்டிலும் டேஷ்போர்டிலும் பட்டவுடன் சூடாகத்தான் மாறும். ஆகவே "அகச்சிவப்பு 95 சதவீதம் தடுக்கும்" என்று அட்டையில் போட்டிருந்தால், மொத்த வெயிலில் அது பாதியளவுதான். அதிலும் சில பிலிம்களுக்கு 900 முதல் 1000 நானோமீட்டர் வரையுள்ள ஒரு சிறு பகுதியை மட்டும் அளந்து அந்த எண்ணைப் போடுகிறார்கள். நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய எண் டி.எஸ்.இ.ஆர். மொத்த சூரிய ஆற்றலில் எவ்வளவு உள்ளே வராமல் தடுக்கப்படுகிறது என்பதை அதுதான் சொல்லும்.

அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் கருப்பின் மீதுள்ள நம்பிக்கை போய்விடும். சாயம் மட்டும் ஏற்றிய பிலிம், ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டுமே உள்ளே விட்டாலும் டி.எஸ்.இ.ஆர். 40 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். 70 சதவீத வெளிச்சத்தை விடும் நல்ல செராமிக் பிலிமோ, பல அடுக்கு பிலிமோ அதைத் தொட்டுவிடும், சிலது தாண்டியும் போகும். காரணம், சாயம் தடுப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத்தான், அகச்சிவப்பில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். தடுப்பதையும் உறிஞ்சிக் கண்ணாடியையே சூடாக்குகிறது. வண்டி ஓடும்போது வெளிக்காற்று அந்தச் சூட்டில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விடும். நிறுத்தி வைத்தால் அதில் நல்ல பங்கு உள்ளேதான் இறங்கும். நான் முதலில் ஒட்டியது சாய பிலிம்தான். இரண்டு வருடத்தில் கத்தரிப்பூ நிறத்துக்கு வெளுத்துப்போனது. உலோகப் பூச்சு பிலிம் வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும், ஆனால் போன், ஜிபிஎஸ், ஃபாஸ்டேக் சிக்னலைக் கெடுக்கலாம். நம் உப்புக் காற்றில் ஓரங்கள் அரித்தும் போகும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது வேண்டாம் என்பேன்.

இப்போது பலரும் யோசிக்காத ஒன்று. ராமநாதபுரம்–ராமேஸ்வரம் சாலை கிட்டத்தட்ட நேர் கிழக்கு மேற்காக ஓடுகிறது. நீங்கள் காலையில் கிழக்கே போகிறீர்கள், வெயில் முன் கண்ணாடியில். மாலையில் மேற்கே திரும்புகிறீர்கள், அப்போதும் முன் கண்ணாடியில்தான். எனக்கு இரண்டு நேரமும் முதுகில். இது தெரியாமல் பக்கக் கண்ணாடிகளில் மட்டும் பிலிம் ஒட்டியிருந்தேன். பின் சீட்டில் பள்ளிக்கு வரும் மகள், "அப்பா, கழுத்து சுடுது" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் தோளில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார ஆரம்பித்தாள். பின் கண்ணாடியில் செராமிக் ஒட்டிய முதல் வாரமே அந்தத் துண்டு வீட்டில் தங்கிவிட்டது. பின் கண்ணாடியில் டிபாகர் கம்பிகள் (பனிமூட்டத்தைப் போக்கும் சூட்டுக் கம்பிகள்) இருந்தால், பழைய பிலிமை உரிக்கும்போது அவை பிய்ந்துபோகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே உங்கள் பணம் முதலில் முன் கண்ணாடிக்குப் போகட்டும். பக்கங்கள் அடுத்துதான். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது, போகையில் உங்கள் வலக்கையும் வரும்போது இடப்பக்கம் இருப்பவரும் காய்வீர்கள். சித்திரை பிறக்கும் நாட்களில் நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது சுடுவது கூரை, அதற்கு எந்த பிலிமும் உதவாது.

முன் கண்ணாடியில் ஒரு கணக்கு இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 100ன்படி முன்னும் பின்னும் குறைந்தது 70 சதவீதம், பக்கங்களில் 50 சதவீதம் வெளிச்சம் உள்ளே வர வேண்டும். கண்ணாடியே 80 சதவீதம்தான் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் "70" பிலிம் ஒட்டினால் இரண்டையும் பெருக்கி 56 ஆகிவிடும். 90 ஒட்டினால் 72, சரி. அதனால் முன்பக்கம் ஏறக்குறைய நிறமே இல்லாத செராமிக்கோ பல அடுக்கு பிலிமோதான் வழி. ஒட்டும் முன் மீட்டர் வைத்து உங்கள் கண்ணாடியை அளக்கச் சொல்லுங்கள். 2012ல் உச்ச நீதிமன்றம் பிலிமே கூடாது என்றது. 2021 ஏப்ரல் முதல் அமலான திருத்தம், பிலிமோடு கூடிய பாதுகாப்புக் கண்ணாடியை ஏற்றது. அதை வைத்து 2024ல் கேரள உயர் நீதிமன்றம், அளவுக்குள் இருக்கும் பிலிமுக்கு அபராதம் கூடாது என்று சொன்னது. இருந்தாலும் பில்லையும் அளவுச் சான்றையும் வண்டியிலேயே வையுங்கள்.

கோயில் பக்கமோ அரிச்சல்முனையிலோ மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், எந்த பிலிம் இருந்தாலும் உள்ளே சூடு ஏறத்தான் செய்யும். முன் கண்ணாடிக்கு மடக்கு மறைப்பு ஒன்று வாங்கி வையுங்கள்.

அப்புறம், ஆடியில் ஒட்டாதீர்கள். கச்சான் காற்று மணலை அள்ளி வீசும் நேரத்தில் முகப்பு திறந்த கடையில் ஒட்டினால் பிலிமுக்கு அடியில் பொடி மாட்டிக்கொள்ளும், பிறகு எடுக்க முடியாது. காற்று ஓய்ந்த பிறகு, கதவடைத்து வேலை செய்யும் கடையாகப் பார்த்து ஒட்டுங்கள். ஒட்டிய நாலைந்து நாளைக்குப் பக்கக் கண்ணாடிகளை இறக்காமல் இருங்கள்.