கானாவில் கூட்டுத் தொழில்: 12,000 பவுண்டு போடலாமா?

கேள்வி: லண்டனில் ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்யும் தோழி கானாவில் பிறந்தவர், இப்போது பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார். அவருடைய பெரியம்மா மகள் வட கானாவில் டமாலே பக்கம் பெண்கள் குழு ஒன்றை வைத்து ஷியா வெண்ணெய் (ஷியா மரக் கொட்டையிலிருந்து எடுத்துத் தோலுக்குப் பூசுவது) தயாரிக்கிறார். நானும் தோழியும் ஆளுக்கு 12,000 பவுண்டு போட்டு அங்கே ஒரு கம்பெனி தொடங்கப் போகிறோம். அந்த வெண்ணெயை லண்டனில் எங்கள் பிராண்டில் விற்க இன்னொரு கம்பெனி, அது எங்கள் இருவர் பெயரில். பணம் எங்களுடையது என்பதால் கானா கம்பெனியில் எங்களுக்கு 80%, அந்த அக்காவுக்கு 20% என்று பேசியிருக்கிறோம். இது அவருக்கு நியாயமா? என் பணத்துக்கு என்ன பாதுகாப்பு? — வாசகி, லண்டன்

பதில்: நீங்கள் இணைத்திருந்த கணக்குத் தாளைப் பார்த்தபின், 80–20 பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. கவலை லண்டன் கம்பெனியைப் பற்றித்தான்.

உங்கள் கணக்குப்படி கானா கம்பெனிக்கு ஒரு கிலோ வெண்ணெய் தயாரிக்க 3.50 பவுண்டு செலவு. அதை லண்டன் கம்பெனிக்கு 4 பவுண்டுக்கு விற்கிறது. இங்கே அது 100 கிராம் ஜாடிகளாகி, ஜாடி 9 பவுண்டுக்குப் போகிறது. கிலோவுக்கு 90 பவுண்டு. ஜாடி, லேபிள், பாதுகாப்பு அறிக்கை, கடைக்காரர் கமிஷன், வாட் எல்லாம் போக 20 பவுண்டு நிற்கும் என்று போட்டிருக்கிறீர்கள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். கானாவில் லாபம் 50 பென்ஸ், லண்டனில் 20 பவுண்டு. அக்காவின் 20% அந்த 50 பென்ஸில் மட்டும்தான். மொத்தம் 20.50 பவுண்டு லாபத்தில் அவருக்குச் சேருவது 10 பென்ஸ், அதாவது அரை சதவீதம்கூட இல்லை. கானா கம்பெனியில் அவருக்கு 50% கொடுத்தால்கூட 25 பென்ஸ்தான்.

இதை நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிகிறது. ஆப்பிரிக்காவும் வெளிநாட்டில் இருக்கும் அதன் பிள்ளைகளும் சேர்ந்து செய்யும் தொழில்களில் இப்படி ஆவது சகஜம். உற்பத்தி ஊரில் இருக்கும், பிராண்டும் வாடிக்கையாளர் பட்டியலும் வெளிநாட்டில் இருக்கும், லாபம் பிராண்டோடு போய்விடும். ஊரில் இருப்பவருக்கு இரண்டு வருடத்தில் இது புரிந்துவிடும். அப்போது நல்ல சரக்கு வேறு யாருக்காவது போகும், உங்களுக்கு மிச்சம் மீதிதான் வரும். நியாயமா, பாதுகாப்பா என்று நீங்கள் தனித்தனியாகக் கேட்ட இரண்டும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. உறவுள்ள கம்பெனிகள் தங்களுக்குள் விலையைக் குறைத்து வைத்தால் கானா வரித்துறையும் கேள்வி கேட்கும், அதற்கென்று விதிகள் உண்டு.

"பணம் எங்களுடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா என்ன போடுகிறார் என்று பாருங்கள். ஷியா மரம் நட்டு வளர்க்கும் பயிர் அல்ல, தானாக வளர்வது. முதல் காய்ப்புக்கே 15, 20 வருடம் ஆகும். மழைக்காலத்தில், ஏறக்குறைய மே முதல் ஆகஸ்ட் வரை, விழுந்த பழங்களைப் பெண்கள் விடியுமுன் போய்ப் பொறுக்கி வருகிறார்கள். கொட்டையை உடனே வேகவைத்துக் காய வைக்க வேண்டும். தாமதித்தால் வெண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், தரம் இறங்கும், அழகுசாதனத்துக்கு ஆகாது. பிறகு உடைத்து, வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டுக் கையால் அடித்து அடித்துப் பிசைந்தால் வெள்ளையாகக் கொழுப்பு மேலே திரளும். அதை வழித்துக் காய்ச்ச வேண்டும். ஒரு கிலோ வெண்ணெய்க்குக் கிட்டத்தட்ட மூன்று கிலோ கொட்டைப் பருப்பு போகும். இந்த வரிசையில் எங்கே சோம்பல் நடந்தது என்று லண்டனில் உட்கார்ந்து உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அவரால் முடியும். அது முதலீடுதான். அரவை இயந்திரமும் கையிருப்புக் கொட்டையும் அவருடையது என்றால் அவற்றுக்கும் விலை போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் மாதத்திலிருந்தே அவருக்குச் சம்பளம் கொடுங்கள். சம்பளத்துக்குப் பதிலாகப் பங்கு என்று பேசாதீர்கள்.

சட்டத்திலும் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கானாவின் 2013 முதலீட்டுச் சட்டப்படி, வெளிநாட்டவர் உள்ளூர்க்காரரோடு கூட்டுச் சேர்ந்தால் குறைந்தபட்சம் 2 லட்சம் டாலர் மூலதனம் கொண்டுவர வேண்டும், உள்ளூர்ப் பங்காளிக்கு 10%ஆவது இருக்க வேண்டும். ஏற்றுமதிக்கென்றே நடத்தும் தொழிலுக்கு விலக்கு உண்டு. ஆனால் மிஞ்சிய சரக்கை டமாலே சந்தையில் விற்க ஆரம்பித்தால் அந்த விலக்கு ஆட்டம் காணும். அந்த மூலதன வரம்பையே நீக்கப் போவதாக 2025இல் அரசு அறிவித்தது. இன்றைய நிலையை ஒரு கானா வழக்கறிஞரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தோழியின் கதை வேறு. கானா இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது. அவர் முறைப்படி பதிந்திருந்தால் உள்ளூர்க்காரராகவே தன் பெயரில் பங்கு வைக்கலாம். "நான் பிறந்த ஊர்தானே" என்ற பேச்சு பதிவாளரிடம் எடுபடாது.

அதனால் நான் சொல்வது இதுதான். கானா கம்பெனியில் நீங்கள் பங்கு எடுக்கவே வேண்டாம். அதில் அக்காவுக்கு 60%, தோழிக்கு 40%. லண்டன் கம்பெனியில் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஒரேயடியாக எழுதிக் கொடுக்காமல் நான்கு ஆண்டுகளில் படிப்படியாகச் சேரும்படி வையுங்கள், இந்த விதி உங்களுக்கும் தோழிக்கும் சேர்த்துத்தான். பிராண்டை இந்தக் கம்பெனியின் பெயரில் பதியுங்கள். வெண்ணெய் விலையைக் கிலோ 5.50 ஆக்குங்கள். இப்போது அதே 20.50 பவுண்டில் அக்காவுக்கு 7.37 வரும், 36%. கானா கம்பெனி தரும் டிவிடெண்டில் அங்கே 8% வரி பிடிப்பார்கள். பிரிட்டன் கம்பெனி தரும் டிவிடெண்டில் இங்கே பிடித்தம் கிடையாது. அக்காவுக்கும் உங்களுக்கும் இது வசதி.

உங்கள் 12,000 லண்டன் கம்பெனிக்குள் போகட்டும். 4,000 பங்காக, 8,000 கடனாக. லண்டன் கம்பெனி கொள்முதல் ஆர்டர் போட்டு, முன்பணமாக மூன்று தவணையில் கானாவுக்கு அனுப்பட்டும். ஒரு தவணைக்கான சரக்கு வந்து, சோதனையில் தேறிய பிறகே அடுத்தது. ஒப்பந்தத்தில் நடுவர் மன்றப் பிரிவு போடுங்கள், ஒரு நாட்டு நடுவர் தீர்ப்பை மற்ற நாட்டிலும் செல்லுபடியாக்கும் நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருப்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனாலும் 12,000 பவுண்டுக்காக யாரும் கானா தலைநகர் அக்ரா வரை போய் வழக்கு நடத்தப் போவதில்லை. தவணையை நிறுத்தும் உரிமைதான் உங்கள் கையில் இருக்கும் உண்மையான பிடி.

எந்தப் பணமும் தனியார் மொபைல் மணி கணக்குக்குப் போகக் கூடாது. கம்பெனியின் வங்கிக் கணக்குக்கு மட்டும், ஒரு தொகைக்கு மேல் எடுக்க இரண்டு கையெழுத்து. தோழி இதற்கு முகம் சுளிக்கலாம். அவர் பல வருடமாக ஊருக்குப் பணம் அனுப்புபவராக இருப்பார். சகாரா தெற்கு ஆப்பிரிக்காவுக்கு 2023இல் மட்டும் 5,400 கோடி டாலர் இப்படிப் போயிருக்கிறது என்கிறது உலக வங்கி. வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. தொழில் பணம் அதே குழாயில் போனால் பள்ளிக் கட்டணமும் இறுதிச் சடங்குச் செலவும் அதிலிருந்தே போகும். கானாவில் இறுதிச் சடங்கு சின்னச் செலவு அல்ல.

நாணயம்: 2022 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு கானாவின் 6 சேடி. நவம்பரில் 13ஐத் தாண்டியது. 2025இல் எதிர்த்திசை, 15 சேடிக்கு மேல் இருந்த டாலர் சில மாதங்களில் 10க்கு அருகில் இறங்கியது. வெண்ணெய் விலை பவுண்டில் இருப்பதால், சேடி சரிந்தால் கானா கம்பெனிக்கு லாபம். ஏறினால் கூலியும் கொட்டையும் சேடியில் கொடுக்கும் அக்கா மாட்டிக்கொள்வார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலையைத் திருத்தும் பிரிவு இரு பக்கமும் வேலை செய்யட்டும்.

கொள்கையும் மாறுகிறது. 2025 ஆகஸ்டில் நைஜீரியா பதப்படுத்தாத ஷியாக் கொட்டை ஏற்றுமதியை ஆறு மாதம் தடை செய்தது, கானாவும் அந்த வழியில் பேசியது. கானாவில் தடை வந்தால் வெண்ணெய் விற்கும் உங்களுக்கு நல்லது, கொட்டை மலிவாகும். பொறுக்கும் பெண்களுக்கு நல்லதா என்பது வேறு விஷயம். அவர்களிடம் கொட்டை வாங்கும் விலைக்கு ஒரு அடிவிலை எழுதி வையுங்கள்.

கொட்டை வாங்க மே மாதத்தில் கையில் பணம் வேண்டும், பருவம் கடந்தால் விலை ஏறிவிடும். முதல் தவணை ஏப்ரல் கடைசியில் அங்கே இருக்க வேண்டுமென்றால், தோழியின் கானா குடியுரிமைக்கான ஆவணத்தின் நகலை இந்த வாரமே கேளுங்கள். அது இல்லையென்றால் மேலே சொன்ன 60–40ஐ வேறு மாதிரிப் போட வேண்டியிருக்கும்.