நண்பர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கணவருக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எனக்குப் பள்ளி ஆசிரியை வேலை. ஏப்ரலிலிருந்து அவருடைய ஊக்கத்தொகையை நிறுத்திவிட்டார்கள். மாதம் 22,000 ரூபாய் குறைந்துவிட்டது.

இங்கே எங்களுக்கு நெருக்கமானவர்கள் மூன்று தமிழ்க் குடும்பங்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இந்திரா நகரிலோ கம்மனஹள்ளியிலோ ஓட்டலில் சந்திப்போம். எங்கள் பங்கு, டாக்சியோடு சேர்த்து ஒரு தடவைக்கு 4,500 ரூபாய். சம்பளம் குறைந்ததும் முதலில் இதைத்தான் நிறுத்தினோம். உண்மைக் காரணத்தைச் சொல்ல மனம் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், ஊரிலிருந்து ஆள் வருகிறார்கள் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்தோம். இப்போது அவர்களும் கூப்பிடுவதைக் குறைத்துவிட்டார்கள். "மாதம் 9,000 மிச்சம்" என்கிறார் கணவர். எனக்கு வீடே வெறிச்சோடிக் கிடப்பதுபோல் இருக்கிறது. மாதச் செலவுப் பட்டியலையும் கடைசியாகப் போன ஓட்டலின் பில்லையும் இணைத்திருக்கிறேன். கஞ்சர்கள் என்று பெயர் வாங்காமல் இதைச் சமாளிக்க வழி உண்டா? ஒன்பது வயது மகள் வேறு, "ஏன் இப்போதெல்லாம் அவர்களைப் பார்க்கப் போவதில்லை?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

பட்டியலை நிதானமாகப் படித்தேன். சிக்கனம் தேவைதான். 22,000 ரூபாய் குறைந்த வீட்டில் எதையும் தொடாமல் இருக்க முடியாது. ஆனால் நீங்கள் கை வைத்த இடம் தவறு. வெளியூரில் பிழைக்கிற குடும்பம் கடைசியாகத் தொட வேண்டிய செலவை முதலில் அடித்திருக்கிறீர்கள்.

விருதுநகரில் நடு இரவில் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் ஓடிவர அத்தை இருப்பார், சித்தி இருப்பார், எதிர் வீட்டுக்காரர் இருப்பார். ராமமூர்த்தி நகரில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்? அந்த மூன்று குடும்பங்கள்தாம். உங்கள் வீட்டு மாற்றுச் சாவி அவர்களில் ஒருவரிடம் இருக்கும் என்றே நினைக்கிறேன். கணவரின் வேலை ஆட்டம் காணத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், வேறு நிறுவனத்தில் இடம் காலியானால் முதலில் சொல்லப்போகிறவர்களும் அவர்களே. இப்போது போய் அவர்களை விட்டு விலகுவதை என்னால் சிக்கனம் என்று ஏற்க முடியவில்லை.

அந்த 4,500 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். பில் மொத்தம் 14,000. நான்கு குடும்பமும் சமமாகப் பிரித்ததில் உங்களுக்கு 3,500, டாக்சிக்கு 1,000. அந்த 14,000-இல் மதுவுக்கு மட்டும் 4,400. உங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை என்று கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் 1,100 ரூபாய் அதற்காகக் கொடுத்திருக்கிறீர்கள். சேவைக் கட்டணம் என்று 1,200 சேர்த்திருக்கிறார்கள், அதில் உங்கள் பங்கு 300. ஆக, நீங்கள் மூவரும் சாப்பிட்டது வரியோடு சேர்த்து 2,100 ரூபாய்க்குத்தான். மீதி 2,400 ரூபாய்க்கும் நட்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சேவைக் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார் செய்யலாம். ஜி.எஸ்.டி. வேறு, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

அடுத்து, பட்டியலில் உங்கள் கணவர் கவனிக்காத இரண்டு செலவுகள். வீட்டுக்கு வரவழைத்த உணவு 7,800. மாத மளிகை போக, 'அவசரத்துக்கு' என்று நீங்களே குறித்திருக்கும் பத்து நிமிட டெலிவரி 4,200. இரண்டும் சேர்ந்தால் 12,000. நண்பர்களோடு செலவழித்ததைவிட 3,000 அதிகம்! சனிக்கிழமைச் செலவு ஒரே பில்லாக வந்து கண்ணில் குத்துகிறது. இதுவோ 240, 310 என்று சில்லறை சில்லறையாகப் போவதால் தெரிவதே இல்லை. போன செவ்வாய்க்கிழமை இரவு எதை வரவழைத்துச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் உங்களுக்கே நினைவிருக்காது. நண்பர்களோடு கடைசியாகச் சாப்பிட்ட இரவில் யார் என்ன பேசினார்கள், யார் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்பதை முக்கால் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த முக்கால் பக்கத்தை உங்கள் கணவரும் படிக்க வேண்டும்.

பெரிய செலவு ஒன்றும் இருக்கிறது. வீட்டுக் கடன் தவணை மூன்று வருடமாக மாறாமல் 45,000. ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, 6.5 சதவீதத்திலிருந்து 5.5-ஆகக் குறைத்தது. உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்த மாறும் வட்டிக் கடனாக இருந்தால் வட்டி குறைந்திருக்க வேண்டும். பெரும்பாலும் வங்கிகள் தவணையை அப்படியே வைத்துக்கொண்டு, கடன் முடியும் காலத்தைக் குறைத்துவிடும். தவணையைக் குறைத்துத் தரும்படி நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும். 50 லட்சம் ரூபாய், 20 வருடக் கடன் என்று வைத்துக்கொண்டால், வட்டி 9 சதவீதத்திலிருந்து 8-ஆக இறங்கும்போது தவணை ஏறக்குறைய 45,000-லிருந்து 41,800-ஆகிறது. கடன் முடிய நாளாகும் என்பது உண்மை. கை நிமிர்ந்ததும் தவணையை மறுபடி உயர்த்திக்கொள்ளலாம். இந்த வாரமே கணவரை வங்கிக்கு அனுப்புங்கள்.

மின்கட்டணம் பட்டியலில் இல்லை. கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் பதிவு செய்திருக்கிறீர்கள் போலிருக்கிறது, நல்லது. பஸ் விஷயத்தில் கோட்டை விட்டிருக்கிறீர்கள். 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இலவசம். குளிர்சாதன பஸ்ஸுக்குப் பொருந்தாது. கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். இங்கே நிலைத்துவிட்ட பிறகும் நம்மவர்கள் பலருடைய ஆதாரில் ஊர் முகவரிதான் இருக்கிறது. உங்களுடையதும் அப்படியென்றால் மாற்றிவிடுங்கள். பள்ளிக்குப் போய்வரும் ஆட்டோச் செலவில் பாதியாவது குறையும்.

இனி, நீங்கள் உண்மையில் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். நண்பர்களிடம் எப்படிச் சொல்வது?

காய்ச்சல் கதையை இன்றோடு நிறுத்துங்கள். சம்பளம் குறைந்ததில் உங்களுக்கு எந்த அவமானமும் இல்லை. பொய்தான் உங்களைப் பிரிக்கிறது. நீங்கள் பணத்துக்குத் தயங்குகிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தங்கள்மேல் ஏதோ மனக்கசப்பு என்றுதான் நினைப்பார்கள். அதனால்தான் கூப்பிடுவதைக் குறைத்துவிட்டார்கள்.

எவ்வளவு குறைந்தது என்ற தொகையை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கணவர் விரும்பமாட்டார் என்றால் அவர் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுங்கள். இவ்வளவு சொன்னால் போதும்: "இந்த வருடம் எங்களுக்குக் கை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. ஓட்டலுக்கு வர முடியாது. ஆனால் உங்களைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. வரும் சனிக்கிழமை எங்கள் வீட்டு மாடிக்கு வாருங்கள்." இதை வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள். எழுத்தில் படித்தால் ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். முதலில் ஒருவரை மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். யாரை என்று கேட்டால், மெனு அட்டையில் உணவின் பெயருக்கு முன்னால் வலப்பக்கத்து விலையைப் பார்ப்பவர் ஒருவர் உங்கள் கூட்டத்தில் இருப்பார், அவரை. யாராவது இதை முதலில் சொல்லமாட்டார்களா என்று அவர் வெகு நாளாகக் காத்துக்கொண்டிருக்கலாம். மூன்று குடும்பமும் மனமுவந்து ஏற்றுக்கொள்ளும் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். ஒரு குடும்பத்துக்கு ஓட்டல்தான் முக்கியம் என்றால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மாடியில் என்ன செய்வது? சின்ன வயதில் கூட்டாஞ்சோறு ஆக்கியிருப்பீர்கள். அதுவேதான். வீட்டுக்காரர் சோறும் இடமும் தருவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவார்கள். இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு, பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். முதலாவது, போட்டி. முதல் மாதம் மூன்று பதார்த்தம், மூன்றாம் மாதம் பதினொன்று. ஒருவர் பனீர், இன்னொருவர் பிரியாணி, அடுத்தவர் கடையில் வாங்கிய கேக். அப்புறம் ஓட்டலே மலிவு என்று ஆகிவிடும். மூன்றுக்கு மேல் கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது ஆபத்து, பெண்களின் சனிக்கிழமை முழுவதும் அடுப்படியில் போய்விடுவது. ஓட்டலில் மிச்சமாகும் காசுக்கு நான்கு பெண்களின் முதுகு விலை கொடுக்கக் கூடாது. காய் நறுக்குவதும் பாத்திரம் துலக்குவதும் ஆண்கள் வேலை என்று வையுங்கள். அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்த ஏற்பாடே வேண்டாம்.

எனக்குத் தெரிந்த வரை மிக எளிய விருந்து நிலாச்சோறுதான். அகலமான பாத்திரம் ஒன்றில் சோற்றைக் குழைய வடித்து, பால் ஊற்றி ஆறவைத்து, கொஞ்சம் தயிர் விட்டுப் பிசைந்துகொள்ளுங்கள். இன்னொரு கிண்ணத்தில் சுண்டைக்காய் வற்றல் குழம்பு, சுண்ட வைத்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்துகொள்ளட்டும். பிசைகிறவர் உருட்டி உள்ளங்கையில் வைப்பார். வாங்கியவர் கட்டைவிரலால் உருண்டையின் நடுவில் ஒரு குழி செய்து கையை நீட்டினால் அதில் குழம்பு விழும். விரலிடுக்கில் வழிவதை நக்கிக்கொண்டே பிள்ளைகள் மறுபடி கையை நீட்டுவார்கள். வீட்டில் கீரையைத் தொடாத பிள்ளைகள்கூட அந்த வட்டத்தில் கணக்கில்லாமல் சாப்பிடும். தட்டு கிடையாது, ஆகவே துலக்கவும் அதிகம் இல்லை. பதின்மூன்று பேருக்கு அரிசி, பால், தயிர், அப்பளம் எல்லாம் சேர்த்து 800 ரூபாயைத் தாண்டாது. அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் மாடிச் சாவியைச் சங்கத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஒவ்வொரு தடவையும் வீட்டில்தான் என்றால் அதுவும் சலிக்கும். ஒரு ஞாயிறு விடியற்காலை லால்பாக் பூங்காவுக்குப் போங்கள். காலை நடைக்கு வருபவர்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கிருக்கும் பாறைக்குன்று ஏறக்குறைய 300 கோடி ஆண்டு பழையது. அதன்மேல் கெம்பே கவுடா கோபுரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஊரே தெரியும். உள்ளே உணவுப் பொட்டலம் கொண்டுபோக விடமாட்டார்கள், ஆகவே சிற்றுண்டிக்கு ஜெயநகர்ப் பக்கம் ஏதாவது தர்ஷினி. நின்றுகொண்டே சாப்பிடும் இந்த ஓட்டல்கள் 1983-இல் ஜெயநகரில்தான் பிறந்தன. இட்லி, வடை, காபி என்று உங்கள் மூவருக்கும் 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 'பை டூ' என்று கேட்டால் ஒரு காபியை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். காரில் வந்து இறங்குகிறவரும் கேட்கிறார், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவரும் கேட்கிறார். கேட்பவரை யாரும் கஞ்சர் என்று நினைப்பதில்லை. இந்த ஊரின் பழக்கங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

பசவனகுடியில் 1945 முதல் இருக்கும் இந்திய உலகப் பண்பாட்டுக் கழகத்திலும், தொம்லூரில் உள்ள பெங்களூரு பன்னாட்டு மையத்திலும் கச்சேரி, பேச்சு, நாடகம் என்று பல நிகழ்ச்சிகள் இலவசம். அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு நல்லது. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

ஓட்டலை அறவே விட்டுவிடவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, யாருடைய பிறந்த நாளுக்காவது போங்கள். மேசையில் உட்காரும்போதே, "மதுவுக்குத் தனி பில்" என்று ஒருவர் சிரித்த முகத்தோடு சர்வரிடம் சொல்லிவிடட்டும். அதைக் கடைசியில் சொன்னால் சண்டை, முதலிலேயே சொன்னால் ஏற்பாடு. குடிக்கிறவர்களில் ஒருவரையே சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது.

மகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள். "அப்பாவுக்குச் சம்பளம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஓட்டலுக்குப் போவதைக் குறைக்கிறோம், உன் தோழிகளைப் பார்ப்பதைக் குறைக்கவில்லை" என்று சொன்னால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். காய்ச்சல் வராத நாளில் தனக்குக் காய்ச்சல் என்று அம்மா தொலைபேசியில் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவள். அந்தக் குழப்பம்தான் அவளை மறுபடி மறுபடி கேட்க வைக்கிறது. அடுத்த சந்திப்பை ஏற்பாடு செய்யும் பொறுப்பை அவளிடமே கொடுங்கள். கன்னடக் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடி நந்தி கோயில் முன்னால் கடலைக்காய் பரிஷே என்ற நிலக்கடலைத் திருவிழா நடக்கும், தெருவெல்லாம் நிலக்கடலைக் குவியலாக இருக்கும். நான்கு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து போக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. திங்களன்று பள்ளி இருக்கும், அதனால் முந்தின ஞாயிறே போய்விடுங்கள், கடைகள் அப்போதே வந்துவிடும். வேர்க்கடலை வாங்கும்போது பச்சையா வறுத்ததா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா